வீட்டு முருங்கையை வெட்டாதீங்க



மழை விட்டதும் கொல்லை முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். மேலே பட்டால் அரிப்பும் தடிப்பும்தான். பிள்ளைகள் விளையாடுகிற இடமாச்சே என்று பலர் மரத்தையே வெட்டிவிடுகிறார்கள். அது வேண்டாம்.

இந்தப் புழு இரவில் இலையைத் தின்னும். பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரம்தான் நமக்கு வசதி. நீளக் கழியில் துணி சுற்றி, எண்ணெயில் நனைத்துப் பந்தம் கொளுத்துங்க. புழுக்கூட்டத்தின் மேல் காட்டிவிட்டுச் சட்டென்று எடுத்துடுங்க. பட்டை கருகக் கூடாது. பக்கத்தில் கூரை வீடோ வைக்கோல் போரோ இருந்தால் நெருப்பை எடுக்கவே கூடாது. அங்கே 1 லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் சோப்பைக் கரைத்து, புழு நன்றாக நனையும்படி தெளியுங்க. எதைச் செய்தாலும் வெறுங்கையால் தொடாதீங்க. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்க.

தினமும் கீரை பறிக்கிற மரம் இது. கடும் விஷ மருந்தை இதன்மேல் அடிக்கவே வேண்டாம்.

காய்ப்பு முடிந்ததும் கிளைகளைக் கழித்துவிடுங்க. முருங்கை முறிகிற மரம். தாழ்வாக வளர்ந்தால் காற்றுக்குத் தாங்கும். கீரையும் காயும் கைக்கு எட்டும். புழு வந்தாலும் சீக்கிரம் கண்ணில் படும்.

மரம் இருக்கட்டும்; புழு மட்டும் போகட்டும்.