கதவைத் தட்டும் பையன்

(நமது சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நயாகராவைப் பற்றிப் பேசலாம் என்றால், உங்களில் பாதிப் பேர் அதை எனக்கு முன்பே பார்த்தாகிவிட்டது. ஆகவே என் மகளின் பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவனை நான் நேரில் பார்த்ததில்லை. நான் போன சமயம் அவன் ஜப்பானில் இருந்தான்.

மகள் இருப்பது யூட்டா மாநிலம். மார்மன்கள் என்று பொதுவாக அழைக்கப்படும் கிறிஸ்தவ சபையினர் அங்கே அதிகம். 1830-ல் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய சபை அது. தலைமையகம் சால்ட் லேக் சிட்டி. ஆண் பிள்ளைகள் 18 வயதுக்குப் பிறகு 2 வருடம் ஊழியத்துக்குப் போவதை ஒரு கடமையாகவே கருதுகிறார்கள். பெண் பிள்ளைகளும் விருப்பப்பட்டால் போகலாம். அவர்களுக்கு ஒன்றரை வருடம். எந்த ஊர் என்று கேட்டு வாங்க முடியாது. விண்ணப்பம் கொடுத்தால் தலைமையகத்திலிருந்து ஆணை வரும். நம் வங்கி டிரான்ஸ்ஃபர் ஆர்டர் மாதிரிதான். ஆனால் நமக்கு யூனியனிலாவது போய் அழ முடிந்தது!

வணிகவியல் படித்தவன் அல்லவா, நான் முதலில் கேட்டது சம்பளம் எவ்வளவு என்றுதான். சம்பளமே கிடையாதாம். பையனோ குடும்பமோதான் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். மாதம் 400 டாலராக இருந்தது. 2020 ஜூலையிலிருந்து அமெரிக்கப் பிள்ளைகளுக்கு 500 டாலர். 24 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 12,000 டாலர். இதற்காகச் சின்ன வயதிலிருந்தே உண்டியலில் சேர்க்கும் பிள்ளைகள் உண்டு. செலவு அதிகமான நாட்டுக்குப் போனாலும் குறைவான நாட்டுக்குப் போனாலும் கட்டும் தொகை ஒன்றுதான். எல்லாப் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, அந்தந்த ஊர்ச் செலவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு என்று எனக்குப் பட்டது.

கிளம்பும் முன் ப்ரோவோ என்ற ஊரில் பயிற்சி. சில வாரங்களில் ஜப்பானிய மொழியில் தட்டுத்தடுமாறிப் பேசும் அளவுக்குத் தயார் செய்து அனுப்பிவிடுகிறார்கள். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அதில் பெயருக்கு முன்னால் 'எல்டர்' என்று இருக்கும். மூத்தவர் என்று அர்த்தம். மீசை சரியாக முளைக்காத பையனுக்கு மூத்தவர் பட்டம்!

இனி அவனுடைய ஒரு நாளைப் பாருங்கள். காலை 6.30-க்கு எழ வேண்டும். அரை மணி உடற்பயிற்சி, குளியல், காலை உணவு. பிறகு வேதப் படிப்பு, மொழிப் படிப்பு. அதன்பின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினால், இரவு 9 மணி வாக்கில்தான் வீடு. மறுநாளுக்குத் திட்டம் எழுதிவிட்டு 10.30-க்குள் விளக்கணைக்க வேண்டும். ஊருக்கு ஊர் நேரம் சற்று மாறலாம். டிவி, சினிமா, காதல் எதுவும் கூடாது. காபி, டீ அவர்கள் மதத்திலேயே விலக்கு. ஜப்பானில் வீட்டுக்கு வந்தவருக்குக் கிரீன் டீ கொடுப்பது மரியாதை. அதையும் தொடக்கூடாது. வறுத்த பார்லியில் போடும் பானம் இருந்தால் குடிக்கலாம். மனம் நோகாமல் மறுப்பதையும் அந்த வயதில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கே போனாலும் இருவராகத்தான் போக வேண்டும். ஒரே வீடு, ஒரே சமையல், ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் துணையையும் மேலிடம்தான் நியமிக்கிறது. பிடிக்கிறதோ இல்லையோ, ஒத்துப்போக வேண்டும். சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஊரோ துணையோ மாறலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் துணி துவைக்க, வீடு கூட்ட, காய்கறி வாங்க, வீட்டாரோடு பேச.

வேலை என்னவென்றால், முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பேசுவது. இலவச ஆங்கில வகுப்பும் நடத்துகிறார்கள். அதற்குக் கொஞ்சம் பேர் வருகிறார்கள். மற்றபடி பெரும்பாலும் 'வேண்டாம்' என்ற பதில்தான். இந்த சபையிலிருந்து 1901-ல் நால்வர் முதன்முதலாக யோகோஹாமாவில் போய் இறங்கினார்கள். அவர்களில் ஆல்மா டெய்லர் என்பவருக்கு அப்போது வயது 19. எட்டு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்து, தங்கள் வேதநூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்து முடித்தார். 1909-ல் அது வெளிவந்தது. அப்படியும் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு என்று 1924-ல் அங்கே ஊழியத்தையே மூடிவிட்டார்கள். போருக்குப் பிறகு 1948-ல்தான் மறுபடி திறந்தார்கள்.

மதம் மாற்றுவது பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் இருக்கிறது. அதை இந்த மேடையில் விவாதிக்கப் போவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் இதைத் தாங்குவதும் இல்லை. உடம்புக்கோ மனசுக்கோ முடியாமல் பாதியில் திரும்பும் பிள்ளைகள், ஊரார் என்ன சொல்வார்களோ என்று கூசிப்போவதும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஞாயிறு மாலை ஐந்து மணி ஆனால் போனும் கையுமாக வாசல் படியில் உட்கார்ந்துவிடுவார். ஜப்பானில் அப்போது திங்கள் காலை. பையனுக்கு அன்று ஓய்வு நாள். 2019-க்கு முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டாரோடு பேசலாம். மற்ற நாட்களில் ஈமெயில்தான். இப்போது வாரம் ஒருமுறை பேச விடுகிறார்கள். ஒரு நாள் பேசி முடித்தபின் என் பக்கம் திரும்பி அந்த அம்மாள் சொன்னார்: "அவன் சொல்வதை யாரும் கேட்க வேண்டாம். இந்த வெயிலில் யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் போதும்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய மே மாதம், நம் பிளாக்கில் பகல் இரண்டு மணிக்கு என் வீட்டு பெல் அடித்தது. வாட்டர் ஃபில்டர் விற்கிற பையன். சட்டை முழுக்க வியர்வை. தூக்கம் கெட்ட கோபத்தில், "உன்னை யார் உள்ளே விட்டது?" என்று கத்தினேன். அவன் "சாரி சார்" என்றான். அவன் வாய் மூடுவதற்குள் நான் கதவை அறைந்து சாத்திவிட்டேன். போதாததற்கு வாட்ஸ்அப் குழுவில் செக்யூரிட்டி மேல் புகாரும் போட்டேன். நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினீர்கள்.

இத்தனைக்கும் நானே கதவு தட்டியவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், டெபாசிட் திரட்டும் மாதம் என்று எங்களைத் தெருத்தெருவாக அனுப்புவார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பாட்டி, "பணம் இல்லப்பா, மோர் இருக்கு, குடிச்சிட்டுப் போ" என்றார். ஒரு ரூபாய்கூட டெபாசிட் வராத நாள் அது. ஆனாலும் மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப என்னால் முடிந்தது. அந்த மோரை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

கேட்டில் இருக்கும் 'விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை' போர்டை எடுக்கச் சொல்லவில்லை. பாதுகாப்பு முக்கியம். வேண்டாததை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அதைக் குரல் உயர்த்தாமல் சொல்லலாம் என்பதுதான் என் வேண்டுகோள். செக்யூரிட்டி அறைக்கு வெளியே ஒரு தண்ணீர் கேனும் இரண்டு நாற்காலியும் போட்டால், கூரியர், டெலிவரி, விற்பனை என்று வருகிற பிள்ளைகள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து போவார்கள். முதல் மூன்று மாதத் தண்ணீர் கேன் செலவு என்னுடையது. அதன்பிறகு கமிட்டி முடிவு செய்யட்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அந்த ஃபில்டர் பையன் மறுபடி வந்தால் டி பிளாக்குக்கு அனுப்பிவையுங்கள். ஃபில்டர் வாங்குவேனா என்று தெரியாது. மன்னிப்புக் கேட்க வேண்டும்.