பெரியாஸ்பத்திரியும் நாங்களும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பெயர்ப்பலகையில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை என்று இருக்கிறது. எங்களுக்கு அது எப்போதும் பெரியாஸ்பத்திரிதான். இந்த மண்டபத்தில் எத்தனையோ பேர் அங்கேதான் பிறந்திருப்பீர்கள்.

1850இல், அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியில், ஏழைகளுக்கு உதவும் சங்கமொன்றின் சிறிய ஆஸ்பத்திரியாக அது தொடங்கியது. அந்த நாட்களிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே படிப்பித்தார். அவரிடம் படித்தவர்கள் ஆண்கள். பெண்களுக்கென்று இணுவிலில் மக்லியட் ஆஸ்பத்திரி வந்தது 1898இல்தான். அதுவரை ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டக் கூசியவர்கள் என்ன செய்திருப்பார்கள்? இந்தக் கேள்விக்குத் திரும்பி வருவேன்.

1907இல் பெரியாஸ்பத்திரியை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1978இல் பல்கலைக்கழக மருத்துவ பீடம் தொடங்க, அது போதனா வைத்தியசாலையானது. 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப்படை உள்ளே நுழைந்து சுட்டதில் நோயாளர்களோடு வைத்தியர்கள், தாதியர், ஊழியர்கள் என்று பணியாளர் 21 பேரும் இறந்தார்கள். ஆண்டுதோறும் அன்று அவர்களுடைய படங்களுக்கு விளக்கேற்றுகிறோம். இன்று அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். 1995 இடப்பெயர்வையும் அந்த ஆஸ்பத்திரி கண்டது. அதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இன்றும் வடமாகாணத்துக்கு அது ஒன்றுதான் போதனா வைத்தியசாலை. முல்லைத்தீவில் விடியப்புறம் பஸ் ஏறுபவரும் நெடுந்தீவில் படகு ஏறுபவரும் அங்கேதான் வருகிறார்கள். வைத்தியம் இலவசம். வரிசை நீளம். அதையும் மறைக்கக்கூடாது.

அப்படியொரு வரிசையில், துண்டைக் கையில் பிடித்தபடி, எங்களுக்கு உயிரியல் படிப்பித்த ரீச்சர் ஒருநாள் இருந்தார். கலங்களின் பிரிவைக் கரும்பலகையில் கலர் சோக்கால் கீறிக் காட்டியவர். மார்பில் கட்டி. எட்டு மாதமாக யாருக்கும் சொல்லவில்லை.

“ஏன் ரீச்சர்?” என்றேன்.

“வெக்கம், பிள்ளை,” என்றார்.

1898க்கு முந்திய பெண்கள் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டேனே, அன்று எனக்குப் பதில் கிடைத்தது. இன்று பெண் வைத்தியர்கள் தாராளம், அவரிடம் படித்தவர்களே பலர். இருந்தும் எட்டு மாதம்.

வெளிநாடுகளிலிருந்து “என்ன அனுப்பட்டும்?” என்று கேட்கிறீர்கள். முதலில் எங்களைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். உதிரிப்பாகம் கிடைக்காத மெஷின் ஒன்று, உறை பிரிக்காமலே நடைபாதையில் கிடந்ததை, முன்பு வேலை செய்த ஓரிடத்தில் பார்த்திருக்கிறேன். அதைவிட, ஊரிலிருக்கும் அம்மாவுக்கோ மச்சாளுக்கோ இன்றிரவே கோல் எடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் கட்டாயம் போகச் சொல்கிறோம். கர்ப்பப்பை வாசலையும் மார்பையும் பரிசோதிப்பார்கள், பிறஷர், சீனியும் பார்ப்பார்கள். ஒரு சதமும் செலவில்லை. இங்கே என் வகுப்புத் தோழிகள் எல்லோருக்கும் 40 தாண்டிவிட்டது. எத்தனை பேர் போனீர்கள் என்று கை தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதேயுங்கோ.

ரீச்சருக்குச் சத்திரசிகிச்சை முடிந்து இப்போது சுகம். இதைப் பேசலாமா என்று போன கிழமை கேட்டேன். “பெயரைச் சொல்லாதை, மற்றதெல்லாத்தையும் சொல்லு,” என்றார்.