கடல் கடக்கும் கல்விப் பணம்

(குற்றாலத்தில் கூடிய நம் சங்கக் கல்விக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியின் பெருமையைப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். அப்பெருமையை நம்மவர் நன்கு அறிவர். அறிந்தமையாலன்றோ வயலை ஒற்றிவைத்தும் நகையை அடகுவைத்தும் மக்களை அயல்நாட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்புகின்றனர்! ஆதலின், அங்ஙனம் திரட்டிய பொருள் வழியில் வீணாகாது கல்லூரியைச் சேரும் வகையையே இன்று கூறத் துணிந்தேன்.

1914ஆம் ஆண்டில் கணித மேதை இராமாநுஜன் கேம்பிரிட்ஜுக்குச் சென்றபோது, சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவிச் சம்பளம் அளித்தது. அந்நாளில் பவுண்டு ஒன்றுக்கு 15 ரூபாய் என்பது ஏறக்குறைய நிலைத்த மாற்று. 3,750 ரூபாய் என எவரும் கணக்கிடலாம். இந்நாளிலோ அதன் விலை நூறு ரூபாய்க்கு மேற்பட்டு நாடோறும் ஏறி இறங்குகின்றது. ஒரே நாளிலும் பாங்கிக்குப் பாங்கி வேறுபடுகின்றது.

இவ்வேறுபாட்டிலேதான் நம் பொருள் கரைகின்றது. சிற்றாற்று நீர் கடைமடையை அடையுமுன் கால்வாய் நெடுகக் கசிவது போன்றது இது. 15,000 பவுண்டு செலுத்தவேண்டும் என்று கொள்வோம். பவுண்டுக்கு இரண்டு ரூபாய் மிகுத்துக் கொடுப்பின் 30,000 ரூபாய் போயிற்று! நாமோ அனுப்புகூலி ஐந்நூறா, ஆயிரமா என்று வழக்காடி நிற்கின்றோம். கூலியே இல்லை என்பாரும் அதனை மாற்று விலையில் மறைத்து வாங்குதல் உண்டு.

ஆகவே கேட்கவேண்டிய வினா ஒன்றே: “கல்லூரிக்கு 15,000 பவுண்டு குறைவின்றிச் சேர, என் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் கழியும்?” இதனை ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே வேளையில், இரண்டு மூன்று பாங்கிகளிலும், கல்லூரியே அமர்த்தியுள்ள நிறுவனத்திடமும் கேட்டு எழுத்தில் பெறுக. பாங்கி சொல்லும் விலையைக் குறைக்குமாறு கேட்பதில் நாணம் வேண்டா.

கல்லூரி கேட்கும் நாணயத்திலேயே அனுப்புக. பவுண்டு கேட்பார்க்கு டாலர் அனுப்பின் இருமுறை மாற்ற நேரும். இடைப்பட்ட பாங்கிகளின் செலவையும் அனுப்புவோரே ஏற்பதாகக் குறிப்பிடுக. இன்றேல் தொகை குறைந்து சேர்ந்து, பிள்ளையின் சேர்க்கை தடைப்படக்கூடும்.

டி.சி.எஸ். என்னும் வரியைக் கண்டு அஞ்சுவார் பலர். 2025 ஏப்ரல் முதல், ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினாலன்றி இவ்வரி இல்லை. பாங்கி தந்த கல்விக்கடனிலிருந்து செலுத்தும் கட்டணத்திற்கு முற்றிலும் இல்லை. பிடித்த தொகையும் இழப்பன்று. வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிகுதியைத் திரும்பப் பெறலாம். நிதியாண்டு மார்ச் 31இல் முடிதலின், கல்லூரி இசையுமாயின் இரண்டாந் தவணையை ஏப்ரலில் செலுத்துதல் நன்று. விகிதம் ஆண்டுதோறும் மாறக்கூடுமாதலின் அவ்வப்போது விசாரித்தறிக.

இனி ஓர் எச்சரிக்கை. “பாங்கியினும் மலிவாக அனுப்புவேன்” என்று வரும் உண்டியல் தரகரை வாயிலிலேயே நிறுத்துக. 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டப்படி அது விதிமீறல். தொகையின் மும்மடங்குவரை தண்டம் விதிக்க இடமுண்டு. பணம் சேராதொழியின் முறையிடுதற்கு ஒரு சீட்டும் கையில் இராது.

அன்பர்களே! மூத்தவன் கட்டணத்தில் மிஞ்சும் முப்பதாயிரம், ஊரிலே படிக்கும் தங்கையின் கல்விக்கு உதவுமன்றோ? முன்னரே பணம் அனுப்பிய குடும்பத்தார், எவ்வழியில் அனுப்பினர், மொத்தம் எத்தனை ரூபாய் ஆயிற்று என்பதைச் சங்கத்திற்கு எழுதித் தருக. அதற்கென ஓர் ஏடு சங்கத்தில் இருக்குமாயின், பின்வருவோர் ஏமாறார். சிறு துளி பெரு வெள்ளமாதலைக் குற்றாலத்தார்க்கு யான் உரைக்கவும் வேண்டுமோ?