எஞ்சின் தட்டும் ஓசை



நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் திடீரெனத் தட்டத் தொடங்கினால், அந்த ஓசையை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் ஓசையை அடக்குவது வேறு. அதன் காரணத்தைக் களைவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதால் விளையும் கேடு பெரிது. மோட்டார்த் தொழிலாளர் ‘நாக்கிங்’ என்று கூறும் இத்தட்டலைக் கொண்டே அதனை விளக்க விரும்புகிறேன்.

நம் முன்னே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்பதாகக் கொள்வோம். 1948ஆம் ஆண்டு லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பெற்ற ஜாகுவார் எக்ஸ்.கே. 120 அது. ஆறு சிலிண்டர்கள், 3,442 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 160 குதிரைத் திறன். மணிக்கு 120 மைல் என்னும் வேகத்தையே அதன் பெயரிலுள்ள எண் குறிக்கிறது. இக்காரை வாங்குவோர் 8க்கு 1 என்ற அழுத்த விகிதமுடைய எஞ்சினையும் கொள்ளலாம். 7க்கு 1 என்ற விகிதமுடையதையும் கொள்ளலாம். திறன் குறைந்த இரண்டாவது எஞ்சினை ஏன் செய்தனர்? போர்க்காலத்தில் தொடங்கி 1953 வரை, பிரிட்டனில் எல்லா நிறுவனங்களின் பெட்ரோலும் ஒன்றாகக் கலந்தே விற்கப்பட்டது. அதன் ஆக்டேன் எண் ஏறத்தாழ 70தான். மட்டமான பெட்ரோலை மிகுதியாக அழுத்தினால் எஞ்சின் தட்டும். அதனை அஞ்சியே குறைந்த விகிதத்தையும் வைத்தனர்.

தட்டல் எவ்வாறு பிறக்கிறது? ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி எழுந்ததும், சுடர் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்தை நோக்கிச் சீராகப் பரவ வேண்டும். அச்சுடர் வந்து சேருமுன், கடைக்கோடியிலுள்ள கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாகவே பற்றிக்கொண்டால், அழுத்த அலைகள் எழுந்து சிலிண்டர்ச் சுவரில் மோதும். நொடிக்கு ஆறாயிரம், ஏழாயிரம் அதிர்வுகள் கொண்ட அந்த ஒலியே நம் காதில் ‘கிணிங் கிணிங்’ என்று விழுகிறது. நெடுநேரம் நீடித்தால் பிஸ்டன் வளையங்களைத் தாங்கும் விளிம்பு உடையும். பிஸ்டனின் தலையே ஓட்டையாகும்.

ஆயினும், தட்டுவதெல்லாம் இவ்வகைத் தட்டல் ஆகிவிடாது. ஆகவே நான் முதலில் கேட்கும் கேள்வி, “எப்போது தட்டுகிறது?” என்பதே. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் தட்டி, சூடேறியபின் மறைந்தால், தேய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் அசைகிறது என்று ஐயுறலாம். மெல்லிய ஒலி எஞ்சின் வேகத்தில் பாதியளவே கேட்டால், வால்வுகளை இயக்கும் பகுதியை நோக்க வேண்டும். கனத்த மந்தமான ஒலி ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தும்போது மிகுந்து, ஆயில் அழுத்தமும் குறைந்திருந்தால், கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கக் கூடும். அவ்வாறாயின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் மின்சாரத்தை முறையாகத் துண்டித்துப் பார்த்தால், குற்றமுள்ள சிலிண்டரின் முறை வரும்போது ஒலி தணியும். இவற்றுள் எதையும் விலை உயர்ந்த பெட்ரோல் தீர்த்துவிடாது.

மேட்டில் ஏறும்போது, உயர்ந்த கியரில், மெதுவான வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் தட்டுகிறது. கியரை ஒன்று குறைத்ததும் நின்றுவிடுகிறது என்றால், அதுவே எரிதலில் பிறந்த தட்டல். பிளக்கைக் கழற்றி அதன் வெண்பீங்கானைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவினாற்போன்ற புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துகள்களோ இருந்தால் நம் ஐயம் உறுதிப்படும்.

இவ்விடத்தில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகின்றனர். டிஸ்டிரிபியூட்டரைச் சிறிது திருப்பித் தீப்பொறியைத் தாமதப்படுத்துகின்றனர். தட்டல் நின்றுவிடுகிறது. “தீப்பொறி முந்தியதே குற்றம்” என்று முடிவும் கட்டிவிடுகின்றனர். அம்முடிவு பிழையாக இருக்கலாம். காரணம் எதுவாயினும், தீப்பொறியைத் தாமதப்படுத்தினால் இவ்வகைத் தட்டல் அடங்கவே செய்யும். கார்புரேட்டர் இணையும் இடத்தில் காற்றுக் கசிந்து கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் திறவாமல் எஞ்சின் கொதித்திருக்கலாம். சிலிண்டர்த் தலையில் கரி படிந்து அழுத்தம் கூடியிருக்கலாம். இத்தனைக்கும் அந்த ஒரே திருப்பு வாய்ப்பூட்டு போடும். காரணமோ உள்ளேயே இருக்கும், காரின் திறன் குன்றும், பெட்ரோல் வீணாகும். எனவே தீப்பொறி எழும் நேரத்தைக் காரைச் செய்தவர் குறித்த அளவுடன் முதலில் ஒப்பிட வேண்டும். பின்னர் பெட்ரோல், கலவை, வெப்பம், கரி என ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றிச் சோதிக்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால், எது பயன் தந்தது என்று நாம் அறியவே முடியாது.

அறிஞர்களையும் இவ்வழுக்கல் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் டேட்டன் நகரில், சார்லஸ் கெட்டரிங் என்பவரும் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் 1916இல் இச்சிக்கலை ஆராய்ந்தனர். எரிபொருளுக்குச் செந்நிறம் ஏற்றினால் அது வெப்பத்தை நன்கு ஈர்த்து ஒழுங்காக எரியும் என்று கருதினர். சாயம் கிடைக்காமையால் அயோடினைக் கலந்தனர், தட்டல் குறைந்தது! ஆயினும் மிட்ஜ்லி அத்துடன் அமையாமல், வேறு செஞ்சாயங்களையும் கலந்து பார்த்தார். ஒன்றும் பயன் தரவில்லை. நிறம் காரணமன்று, அயோடினின் வேதியியல் தன்மையே காரணம் என்பது அப்போதுதான் புலனாயிற்று. மருந்து பலித்தது என்பதால் நோயை அறிந்துவிட்டோம் என்று சொல்ல இயலாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமோ?

கதை அங்கு முடிந்திருந்தால் நமக்கு மகிழ்ச்சியே. 1921 டிசம்பர் 9ஆம் நாள், டெட்ரா எத்தில் ஈயம் என்னும் பொருள் சிறிதளவிலேயே தட்டலை அடக்குவதை அவர்கள் கண்டனர். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. ஈயம் நஞ்சு என்பது அப்போதும் உலகறிந்த செய்தியே. 1924இல் நியூஜெர்சியில் அப்பொருளைச் செய்த தொழிலாளர் ஐவர் மாண்டனர். அதன்பின்னும் பல பத்தாண்டுகள் ஈயம் காற்றில் கலந்து, குழந்தைகளின் இரத்தத்தில் ஏறி, மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. இந்தியா 2000இல் அதனைக் கைவிட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல் கார்களுக்கான அதன் விற்பனை நின்றது. எஞ்சினின் ஓசை அடங்கியது. அதற்கான விலையைக் குழந்தைகள் கொடுத்தனர்.

இக்காலத்துக் கார்களில் தட்டலை உணரும் கருவியொன்று சிலிண்டர்ச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதிர்வை உணர்ந்ததும் கணினி தானாகவே தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. ஓட்டுநர் காதில் ஒன்றும் விழுவதில்லை. எஞ்சினைக் காக்கும் அரிய துணையே அது. ஆனாலும் கரியைச் சுரண்டவோ, காற்றுக் கசிவை அடைக்கவோ அதனால் இயலாது. அவை மனிதர் செய்ய வேண்டிய வேலை.

உங்களில் பலர் நாளை பொறியியலாளராகவும், மருத்துவராகவும், ஆட்சி அலுவலராகவும் விளங்கப்போகிறீர்கள். முறையிடும் ஓசைகள் பல உங்கள் செவிக்கு எட்டும். எப்போது எழுகிறது, எதனால் மிகுகிறது, எதனால் தணிகிறது என்று பொறுமையுடன் கேளுங்கள். ஓசை நின்ற பின்னும் ஒருமுறை, “காரணம் நீங்கிற்றா?” என்று கேளுங்கள்.