கண்டோர் கூற்று: சிறிய மணங்களும் இயல்பான ஒளிப்படங்களும்



மொழியியல் பயின்றவன் திருமண ஒளிப்படங்களைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். இந்தத் தலைப்புக்கு என்னை இட்டுவந்தவை இரண்டு வினைச்சொற்கள். நம் பேச்சுவழக்கில் 'போஸ் கொடுக்கிறோம்'. ஒளிப்படக்காரர் 'படம் எடுக்கிறார்'. ஒருவர் கொடுக்க, மற்றவர் எடுக்கிறார். யாரும் கொடுக்காத ஒன்றை எடுத்தால் அதற்கு என்ன பெயர்? களவா, நட்பா? இவ்வினாவே இன்றைய உரையின் பொருள்.

பெரிய மண்டபத் திருமணங்களை நாம் அறிவோம். மேடையில் மணமக்கள் நிற்பார்கள். விருந்தினர் வரிசையாக ஏறி, படத்துக்கு நின்று, இறங்குவார்கள். தாலி கட்டும் கையைச் சற்று நிறுத்தி வைக்கும்படி ஒளிப்படக்காரர் கேட்பதும் உண்டு. இதற்கு மாறாக, பத்துப் பதினைந்து பேர் மட்டும் கூடும் மணங்களும், இருவர் மட்டுமே சென்று செய்துகொள்ளும் மணங்களும் இன்று பெருகி வருகின்றன. அங்கே ஒளிப்படக்காரர் யாரையும் நிறுத்துவதில்லை. நடந்ததை மீண்டும் நடத்தச் சொல்வதில்லை. சன்னல் வெளிச்சமே போதும் என்று ஒதுங்கி நின்று, நிகழ்வதை நிகழ்ந்தபடியே பதிவு செய்கிறார்.

இம்முறைக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்றைச் சொல்கிறேன். 1996 செப்டம்பர் 21 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கம்பர்லேண்டு தீவில், அந்நாட்டின் முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடிக்கும் கரோலின் பெசெட்டுக்கும் ஊடகங்கள் அறியாமல் மணம் நடந்தது. ஏறத்தாழ நாற்பது விருந்தினர், சிறிய மரத் தேவாலயம், மெழுகுவர்த்தி வெளிச்சம். தேவாலயத்தை விட்டு வெளியே வருகையில் மணமகன் மணமகளின் கையை எடுத்து முத்தமிட்டார். அக்கணத்தை டெனிஸ் ரெஜி படமாக்கினார். அந்த மணத்தை உலகம் இன்றும் அந்த ஒரு படத்தால்தான் நினைவில் வைத்திருக்கிறது. 1999இல் அவ்விருவரும் வானூர்தி விபத்தில் மறைந்தனர். படம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இவ்வகை மணத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'எலோப்' என்னும் சொல் பழைய சட்ட வழக்கில், கணவனை விட்டு மனைவி வேறொருவனுடன் சென்றுவிடுவதைக் குறித்தது. பின்னர், பெற்றோர் அறியாமல் சென்று மணம் செய்துகொள்வதைக் குறித்தது. இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வயது நிரம்பாதோர் மணத்துக்குப் பெற்றோர் இசைவைக் கட்டாயமாக்கியபோது, அச்சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தின் எல்லை ஊரான கிரெட்னா கிரீனுக்கு இளையோர் ஓடினர். சாட்சிகள் முன்னிலையில் உறுதி சொன்னாலே அங்கு மணம் செல்லும். இன்று அதே சொல், பல மாதம் திட்டமிட்டுச் செய்யும் சிறிய மணத்தையும் குறிக்கிறது. பழிச்சொல்லாக இருந்தது விருப்பச்சொல்லாகி விட்டது.

தமிழில் நடந்தது இதற்கு நேர்மாறு. இன்று நாம் 'ஓடிப்போனாள்' என்கிறோம். அச்சொல்லில் ஏளனம் இருக்கிறது. நம் முன்னோர் 'உடன்போக்கு' என்றனர். அதில் ஏளனம் இல்லை, துணை இருக்கிறது. கொடுப்போர் இல்லாமல் இருவரும் உடன்போன காலத்தும் கரணம் என்னும் மணச்சடங்கு உண்டு என்று தொல்காப்பியக் கற்பியல் இடமளிக்கிறது. கொடுப்பாரின்றியும் மணம் உண்டென்றால், கொடுப்பாரின்றியும் படம் உண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

உடன்போக்கில் செல்வோரை வழியில் காண்பவர்கள் பேசுவதைக் 'கண்டோர் கூற்று' என்கிறோம். குறுந்தொகையின் ஏழாம் பாடலை நினைத்துப் பாருங்கள். வில்லேந்தியவன் காலில் கழல். அவளுடைய அடியில் இன்னும் சிலம்பு. மணத்துக்கு முன் நடைபெறும் சிலம்பு கழித்தல் நடக்கவில்லை என்பதை அந்த ஓர் அணிகலன் சொல்லிவிடுகிறது. கண்டோர் அவர்களை வழிமறிக்கவில்லை. ஊர் எது, குலம் எது என்று துருவவில்லை. பார்த்தார்கள், இரங்கினார்கள். அகநானூற்றின் 86ஆம் பாடலிலும் மணநாள் காட்சி இவ்வாறே விரிகிறது. மணமகளை நீராட்டியபின், நீரொடு சொரிந்த பூவிதழும் நெல்லும் அவள் கூந்தலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'அழகி' என்று சொல்லியிருந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திராது. ஈரக் கூந்தலில் ஒட்டிய நெல்லைக் காட்டியதால் அவளைக் காண்கிறோம்.

இனி என் வீட்டுச் செய்தி. 2020இல், நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகளுக்கிடையே, என் மகளின் திருமணம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே வந்திருந்தனர். மண்டபம் இல்லையே, முகக்கவசத்தோடு நிற்பவர்களைப் படமெடுத்து என்ன பயன் என்று நான் குறைபட்டுக்கொண்டேன். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் ஒரே ஒரு கேமராவுடன் வந்திருந்தார்.

அவர் எடுத்த படங்களுள் ஒன்றில் மணமக்களே தெளிவாக இல்லை. பின்னால் மங்கலாகத் தாலி கட்டுகிறார்கள். முன்னால் என் மனைவி கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். எல்லை மூடப்பட்டதால் ஈப்போவிலிருந்து வர இயலாத அவளுடைய அம்மா அதன் திரையில் இருக்கிறார். என் மனைவி தாலியைப் பார்க்கவில்லை, திரையையே பார்க்கிறாள். அவளுடைய கட்டைவிரல் அம்மாவின் நெற்றிமேல் படிந்திருக்கிறது.

அந்த இளைஞர் அப்படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. முதலில் என் மனைவியிடம் தனியே காட்டி, "அத்தை, இதை வைத்துக்கொள்ளலாமா, அழித்துவிடட்டுமா?" என்று கேட்டார். அவள் ஒருநாள் எடுத்துக்கொண்டாள். மறுநாள், "இருக்கட்டும், தம்பி" என்றாள். எல்லை திறப்பதற்குள் என் மாமியார் காலமானார். அந்த மணநாளில் மூன்று தலைமுறையும் ஒன்றாக இருக்கும் படம் அது ஒன்றே. படத்துக்கு நில்லுங்கள் என்று எங்களை வரிசையில் நிறுத்தியிருந்தால் அது கிடைத்திருக்காது. கேட்காமலே வெளியிட்டிருந்தால், அதே படம் அவளுக்குக் காயமாகியிருக்கும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு என் விடை இதுதான். எடுக்கும் கணத்தில் கேட்க இயலாது; கேட்டால் அக்கணம் போய்விடும். ஆகவே எடுத்தபின் கேட்க வேண்டும். வீட்டாருக்கு அஞ்சி மணம் செய்துகொள்வோர்க்கு ஒரு படம் வெளியாவது ஆபத்தாகவும் முடியலாம். அவர்களிடம் எடுப்பதற்கு முன்பும் இசைவு பெற வேண்டும். 'சாட்சி' என்னும் வடசொல்லின் உள்ளே கண்ணைக் குறிக்கும் சொல் இருக்கிறது. கண்ணால் கண்டவரே சாட்சி. சாட்சிக்கு உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 'நான் சென்ற திருமணம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர்கள் 'கோலாகலம்', 'வெகுசிறப்பு' என்று நிரப்புகிறார்கள். அவை மேடையில் நின்று எடுத்த படங்கள். அதற்கு மாறாக, அந்த வீட்டில் நீங்கள் கண்ட ஒரு கையை, ஒரு பார்வையை, ஒரு பொருளை மட்டும் எழுதுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். எழுதியதில் ஒருவருடைய துயரமோ மறைபொருளோ இருந்தால், வகுப்பில் படிக்குமுன் அவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, கண்டோராக இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.