கைப்பழக்கம் கடல் தாண்டும், லைசென்ஸ் தாண்டாது

குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று நம் வட்டாரம் முழுக்க வானம் பார்த்த பூமி. மழை பொய்த்து, பருத்தியும் மிளகாயும் கைவிட்ட வருஷங்களில் பல குடும்பங்களுக்கு அடுப்பெரிய வைத்தது டிரைவர் வேலை. கரிமூட்டை லோடு, டிராக்டர், வேன் என்று இங்கே பழகிய கை பிறகு சவுதிக்கும் துபாய்க்கும் போகிறது. படித்த பிள்ளைகள் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் போய் அங்கே சொந்தமாகக் கார் வாங்குகிறார்கள். இரண்டு தரப்பாரும் நம்புவது ஒன்றைத்தான்: ஓட்டத் தெரியும், பையில் லைசென்ஸ் இருக்கிறது, இனி என்ன கவலை? அந்த நம்பிக்கையில் பாதிதான் சரி. லைசென்ஸ் என்பது திறமைக்குக் கொடுத்த பட்டயம் மட்டுமல்ல. விபத்து நடந்தால் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்ற ஏற்பாட்டின் ஒரு பகுதி அது, மறுபகுதி இன்சூரன்ஸ். முதலாவது செல்லாத இடத்தில் இரண்டாவதும் நம்மைக் காப்பாற்றாது. இன்று இதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று நாம் சொல்லும் அனுமதிச் சீட்டைப் பார்ப்போம். 1949ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருப்பதால் நம் ஆர்.டி.ஓ. அலுவலகமே இதை வழங்குகிறது. கட்டணம் 1,000 ரூபாய். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். இதைக் கையில் வைத்துக்கொண்டு எந்த நாட்டிலும் வருஷம் முழுக்க ஓட்டலாம் என்று நினைப்பதுதான் தவறு. இது வந்துபோகிறவருக்கான சீட்டு, குடியேறியவருக்கு உரியதல்ல. துபாயில் சுற்றுலா விசாவில் இருக்கும்வரை இதைக் காட்டி ஓட்டலாம். குடியிருப்பு விசா கிடைத்துவிட்டால் இந்திய லைசென்ஸ்காரர் அந்த நாட்டு லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம், ஜெர்மனியில் 6 மாதம், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 60 நாள் என்று கெடு மாறுகிறது. ஆக, உனக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்பே, நீ இங்கே விருந்தாளியா, குடியிருப்பவனா என்று சட்டம் கேட்டுவிடுகிறது.

இந்தக் கெடுவை மீறினால் அபராதத்தோடு போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அபராதம் சிறிய தொல்லை; பெரிய தொல்லை இன்சூரன்ஸில் இருக்கிறது. அதைப் பார்க்குமுன் கட்டணம் எப்படிக் கணக்காகிறது என்று தெரிந்துகொள்வோம். நம் ஊரில் கட்டாயமான மூன்றாம் நபர் இன்சூரன்ஸுக்கு வண்டிதான் கணக்கு. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு வருஷத்துக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். ஓட்டுகிறவருக்கு இருபது வயதா ஐம்பது வயதா, முன்பு எத்தனை முறை இடித்திருக்கிறார் என்று இந்தக் கட்டணம் கேட்பதில்லை. பிரிட்டனிலும் கனடாவிலும் அப்படியே தலைகீழ். வயது, லைசென்ஸ் எடுத்து எத்தனை ஆண்டு, பழைய விபத்துகள், குடியிருக்கும் பகுதி எல்லாம் பிரீமியத்தில் ஏறும். இருபது வருஷம் ஓட்டியவரும் காகிதம் இல்லாவிட்டால் நேற்றுப் பழகியவர் கணக்கில்தான் சேருவார்.

"வண்டி முதலாளியுடையது, இன்சூரன்ஸ் கட்டியிருப்பதும் அவர், எனக்கென்ன?" என்று வளைகுடா போகிறவர்கள் கேட்கக்கூடும். இதற்கான பதிலை நம் நாட்டுத் தீர்ப்பிலிருந்தே தொடங்கலாம். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. ஓட்டியவருக்குச் சரியான லைசென்ஸ் இல்லை என்றாலும், பாதிக்கப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்பிவிடாமல் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுக்கும். நிபந்தனையை வண்டி உரிமையாளர் மீறியது நிரூபணமானால் அவரிடமிருந்து அந்தப் பணத்தை வசூலித்துக்கொள்ளும். ஐக்கிய அரபு அமீரகத்து பாலிசியிலும், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் கொடுத்த பணத்தை ஓட்டியவரிடமும் திரும்பக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. உயிரிழப்புக்கு அங்கே 2 லட்சம் திர்ஹம் இழப்பீடு என்று வைத்திருந்தார்கள். மாதச் சம்பளத்துக்குப் போன டிரைவர் தலையில் அப்படி ஒரு தொகை விழுந்தால், ஊரில் நிலத்தை விற்றாலும் தீராது. ஆகவே, "லைசென்ஸ் வரும்வரை சும்மா பக்கத்துத் தெரு வரைக்கும் ஓட்டு" என்று யார் சொன்னாலும் சாவியைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது. "லாரி ஓட்டித் தேய்ந்த கை இது, என்னை மறுபடி எல்.போர்டு மாட்டச் சொல்வது அவமானமில்லையா?" என்று கேட்டால் அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. லைசென்ஸை அப்படியே மாற்றிக் கொடுப்பதற்கு பிரிட்டன் ஒரு நாட்டுப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஜிம்பாப்வே உண்டு, இந்தியா இல்லை. திறமையை மட்டும் எடைபோட்டு எழுதிய பட்டியல் அல்ல இது. அரசுக்கு அரசு செய்துகொள்ளும் ஏற்பாட்டின் விளைவு. ஆனாலும் மறுபக்கத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். மைதானத்தில் எட்டுப் போட்டு வாங்கிய அட்டையை இன்னொரு நாடு கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மேலும் வளைகுடாவில் வண்டி வலப்பக்கம் ஓடும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை. அங்குள்ள லைசென்ஸ் தேர்வு கைப்பழக்கத்தோடு சேர்த்து அந்தச் சாலையின் ஒழுங்கையும் சோதிக்கிறது. அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது: வகுப்புக்குப் போகாமல் நேரே தேர்வு எழுத இந்தியர்களுக்கு 2023இல் துபாய் ஒரு வாய்ப்புத் திறந்தது. 2021 முதல் பிரிட்டன் பட்டியலில் அமீரகமும் இருப்பதால், அங்கே தேர்வு எழுதி வாங்கிய லைசென்ஸ் பிற்பாடு பிரிட்டன் போகிறவருக்கும் உதவும்.

அப்படியானால் ஊரைவிட்டுக் கிளம்புமுன் செய்ய வேண்டியது என்ன? அனுபவத்தைக் காகிதமாக்கிக்கொள்வதுதான். லைசென்ஸில் 'எஸ்.' என்று இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். இரண்டும் ஒரே ஆளுடையதுதானா என்று வெளிநாட்டு அதிகாரி சந்தேகிப்பார். அதை இங்கேயே திருத்திக்கொள்ள வேண்டும். முதன்முதல் லைசென்ஸ் எடுத்த தேதியைக் காட்டும் விவர நகலை மத்திய அரசின் பரிவாஹன் இணையதளம் வழியாக வாங்கலாம். அனுபவ ஆண்டுகள் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்காகும். சொந்தக் காரை விற்றுவிட்டுப் போகிறவர், கிளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்கான சான்றுக் கடிதத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஐந்தாண்டு கிளெய்ம் இல்லாதவருக்கு இங்கே 50 சதவீதத் தள்ளுபடி. வெளிநாட்டில் எல்லா நிறுவனமும் இதை மதிக்காது என்பது உண்மை. ஆனால் மதிக்கிற நிறுவனத்தைத் தேடிக் கேட்பதற்கே கையில் கடிதம் வேண்டும். இந்திய லைசென்ஸ் காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மறுபடி தேர்வு என்பதையும் மறக்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும்போது இன்டர்நேஷனல் லைசென்ஸ் முடிந்துவிட்டால் இந்தியத் தூதரகம் வழியாகவே விண்ணப்பிக்க 2021 ஜனவரியில் மத்திய அரசு வழி செய்திருக்கிறது.

கடைசியாகச் செலவு. அங்கே பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஆகும் பணம் சிறிதல்ல. டிரைவர் விசா என்று சொல்லி அழைத்துப் போகிற ஏஜென்ட் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அந்தச் செலவு யாருடையது, லைசென்ஸ் கிடைக்கும்வரை சம்பளம் உண்டா, முதல் தேர்வில் தோற்றால் வேலை நிற்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒப்பந்தத்தில் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் கடன் வாங்குகிறவர், இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துப் பார்க்கட்டும். சேர்த்துப் பார்த்தும் கட்டுப்படியாகிறது என்றால் தாராளமாகப் போகலாம். ஆகாது என்றால் அது விமானம் ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை.