விதியும் ஓசையும்



இலக்கிய நிகழ்ச்சியில் கொல்ஃப் விளையாட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஓய்வுபெற்ற தமிழாசிரியனான எனக்கு அது யாப்பைப் பற்றி ஒரு பாடம் சொல்லித் தந்தது.

நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று நுவரெலியாவுக்குப் போயிருந்தேன். அங்குள்ள கொல்ஃப் கழகம் 1889இல் தோன்றியது. ஆடுவதற்கு முன் படிக்கும்படி, பென் ஹோகன் 1957இல் வெளியிட்ட 'ஐந்து பாடங்கள்' என்னும் ஆங்கில நூலை நண்பர் தந்தார். ஹோகன் 1949இல் அவரது கார் பஸ்ஸுடன் மோதியதில் படுகாயமுற்றவர். இனி நடப்பாரோ என்று ஐயுற்றிருந்த நிலையில், 1950இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை வென்றவர். காலின் அருமையை அறிந்த மனிதர்.

மட்டையைப் பின்னே உயர்த்தும்போது உடற்பாரம் வலது காலுக்குச் செல்லும். கீழிறக்கும்போது முதலில் இடுப்பு இடப்புறம் திரும்ப, பாரம் இடது காலுக்கு மாறும். கைகள் அதன் பின்னரே வரவேண்டும். இவ்வளவையும் மனப்பாடம் செய்துகொண்டு மைதானத்தில் இறங்கினேன்.

'ட்ரைவர்' என்பது மட்டைகளுள் மிக நீளமானது. சிறு முளையொன்றின் மேல், இடது குதிகாலுக்கு நேராகப் பந்தை வைத்து அடிக்கவேண்டும். பந்தை மேலே கிளப்பும் ஆசையில் நான் பின்னே சாய்ந்தேன். பாரம் வலது காலிலேயே தங்கிவிட்டது. கைகள் மட்டும் ஓடின. பந்து வலப்புறமாக வளைந்து பற்றைக்குள் விழுந்தது. பத்துப் பந்துகளுக்கும் அதே கதி.

மட்டைப் பையைச் சுமந்துவந்த இளைஞர் மெல்லக் கேட்டார்:

"கல்லு எறியும்போது எந்தக் கால முன்ன வைப்பீங்க சேர்?"

வெறுங்கையால் எறிந்து பார்த்தேன். இடது கால்தான்.

"கால் போய் நின்ன பிறகுதானே சேர் கை வருது?"

அடுத்த பந்து நேரே சென்றது. அதற்கடுத்தது மீண்டும் பற்றைக்குள்! ஆயினும் வேறுபாடு உடலுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றிரவு பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். வெண்பா இலக்கணத்தைப் பிழையின்றி ஒப்புவிப்பான். எழுதினால் தளை தட்டும். "விதி தெரியும் சேர், ஓசைதான் வருகுதில்லை" என்றான். "சோம்பல்!" என்று வகுப்பின் முன்னிலையில் ஏசினேன். அதன்பின் அவன் செய்யுள் எழுதவேயில்லை.

வெண்பாவுக்குரியது செப்பலோசை, ஒருவர் மற்றவருக்கு எடுத்துச் செப்புவது போன்ற ஓசை. அவன் தன் தோழர்களோடு பேசும் பேச்சிலேயே அதைத் தேடச் சொல்லியிருக்கலாம். எறிவதற்கு ஒரு கல்லைக் கொடுத்திருக்கலாம். நானோ விதியையே மறுபடியும் ஒப்புவிக்கச் செய்தேன்.

விதி பிழையன்று. ஹோகன் எழுதியதையும் அந்த இளைஞர் சொன்னதையும் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றே. ஆனால், இளைஞர் நான் ஏற்கெனவே அறிந்த ஒன்றிலிருந்து தொடங்கினார்.

அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தால், அன்று சொன்ன அந்தச் சொல்லை இப்போது மீளப் பெற்றுக்கொள்கிறேன்.